மிரட்டி வாங்கிய சம்மதம்: கோயர்ஷன் என்றால் என்ன?

பஸ் நெரிசலில் உங்கள் பையிலிருந்து பர்ஸை உருவிக்கொண்டு ஒருவன் இறங்கிப் போய்விட்டால் அது திருட்டு. அதே ஆள், ஆள் நடமாட்டமில்லாத தெருவில் கத்தியைக் காட்டி "பர்ஸை எடு" என்று சொல்ல, நீங்களே எடுத்து நீட்டினால் அது வேறு சங்கதி. பர்ஸ் போனது என்னவோ இரண்டிலும்தான். ஆனால் இரண்டாவதில் பர்ஸை எடுத்தது உங்கள் கை, பர்ஸா உயிரா என்று ஒரு கணம் கணக்குப் போட்டு முடிவெடுத்ததும் நீங்கள்தான். கோயர்ஷன் எனப்படும் வற்புறுத்தல் இந்த இரண்டாவது வகை. ஒருவர் விரும்பாத ஒன்றை அவர் கையாலேயே, அவர் சம்மதத்தோடேயே செய்யவைப்பது.

"சம்மதத்தோடேயே" என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒருவரைக் கட்டிப்போட்டு, கட்டைவிரலைப் பிடித்து இழுத்துப் பத்திரத்தில் ரேகை வைத்தால் அங்கே சம்மதம் என்ற பேச்சே கிடையாது, அது வெறும் பலாத்காரம். வற்புறுத்தலில் சம்மதம் இருக்கிறது, ஆனால் "முடியாது" என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை எதிராளி முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். அதனால் எந்தத் துறையில் இதைப் பார்த்தாலும் நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: "முடியாது" என்பதற்கு விலை வைத்தது யார், அப்படி வைக்க அவருக்கு உரிமை உண்டா? சட்டம், அரசியல், குடும்பம், மருத்துவம் என்று ஒவ்வொரு துறையும் இதற்கு வெவ்வேறு இடத்தில் கோடு கிழிக்கிறது.

அரிஸ்டாட்டில் காலத்திலேயே இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது. புயலில் சிக்கிய கப்பலைக் காப்பாற்ற சரக்கைக் கடலில் தூக்கி எறிகிறார்கள். அது விரும்பிச் செய்ததா, விரும்பாமல் செய்ததா? இரண்டும் கலந்தது என்கிறார் அவர். சாதாரண நாளில் எவனும் சரக்கை வீச மாட்டான், ஆனால் அந்த நேரத்தில் புத்தியுள்ளவன் வீசத்தான் செய்வான். புயலுக்குப் பதிலாக ஒரு கடற்கொள்ளைக்காரன் வந்து "சரக்கை வீசு, இல்லாவிட்டால் மூழ்கடிப்பேன்" என்றால் கப்பல்காரர் போடும் கணக்கு அதேதான். ஆனால் புயலின் மேல் கேஸ் போட முடியாது. விலை வைத்தது ஒரு மனிதன் என்றால்தான் இந்தப் பேச்சே தொடங்குகிறது.

சரி, சட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவு கோயர்ஷனை வரையறுக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் இரண்டு வகை: தண்டனைச் சட்டம் தடை செய்திருக்கும் ஒரு செயலைச் செய்வது அல்லது செய்வதாக மிரட்டுவது, அல்லது ஒருவருடைய சொத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்துக்கொள்வது, வைத்துக்கொள்வதாக மிரட்டுவது. இதை ஒருவரை ஓர் ஒப்பந்தத்துக்குள் இழுக்கும் நோக்கத்தோடு செய்ய வேண்டும், அவ்வளவுதான். மிரட்டல் உங்கள் மேலேயே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உங்கள் தம்பியின் குழந்தையைக் கடத்திவைத்துக்கொண்டு உங்களிடம் கையெழுத்து வாங்கினாலும் அது கோயர்ஷன்தான், மிரட்டியவர் ஒப்பந்தத்தில் சம்பந்தமே இல்லாத மூன்றாம் ஆளாக இருந்தாலும் அப்படித்தான்.

இதற்கு நம் சட்டக் கல்லூரிகளில் சொல்லித்தரும் முக்கியமான வழக்குகள் பலவும் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தவை. 1889ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில் கணவனை இழந்த பெண்ணுக்கு வயது 13. ஒரு பையனைத் தத்தெடுத்துக்கொள்ளச் சம்மதித்தால்தான் பிணத்தை எடுக்க விடுவோம் என்று கணவன் வழி உறவினர்கள் தடுத்து நின்றார்கள். பிணத்தை வீட்டில் போட்டுக்கொண்டு அந்தக் குழந்தை என்ன செய்யும்? சம்மதித்தது. பிறகு நீதிமன்றம் அந்தத் தத்தை ரத்து செய்தது. கத்தி இல்லை, அடி இல்லை, சாவு வீட்டின் அவசரத்தையே ஆயுதமாக்கியிருக்கிறார்கள். கோயர்ஷன் என்றதும் ரவுடி மீசையை மட்டும் கற்பனை செய்பவர்களுக்கு இந்த ஒரு வழக்கு போதும்.

1927இல் இன்னொன்று. பதவிக்காலம் முடிந்த ஓர் ஏஜென்ட், தனக்கு அடுத்து வந்தவரிடம் கணக்குப் புத்தகங்களை ஒப்படைக்க மறுத்தார். "என்மேல் எந்தப் பொறுப்பும் இல்லை என்று எழுதிக்கொடுங்கள், தருகிறேன்" என்றார். முதலாளி வேறு வழியில்லாமல் எழுதிக்கொடுத்தார். கணக்குப் புத்தகம் இல்லாமல் ஒரு நாள்கூடத் தொழில் ஓடாது என்பது வியாபாரம் செய்தவர்களுக்குத் தெரியும். அந்த விடுதலைப் பத்திரம் நிற்கவில்லை. வரையறையின் இரண்டாவது பாதி, அதாவது சொத்தைப் பிடித்து வைப்பது, இதுதான்.

எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது 1917ஆம் ஆண்டு வழக்கு. ஒருவர் தன் மனைவியையும் மகனையும் தன் சகோதரருக்குச் சாதகமாகச் சொத்துரிமையை விட்டுக்கொடுக்கும்படி கேட்கிறார், இல்லாவிட்டால் தற்கொலை செய்துகொள்வேன் என்கிறார். அவர்கள் எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு செல்லாது என்று நீதிமன்றம் போனார்கள். சிக்கல் என்னவென்றால், தற்கொலை செய்துகொண்டவரைத் தண்டிக்க முடியாது, ஆள் இல்லையே! அப்படியானால் அதைத் தண்டனைச் சட்டம் "தடை செய்த செயல்" என்று சொல்லலாமா? இரண்டு நீதிபதிகள் சொல்லலாம் என்றார்கள்: முயற்சி செய்வதே குற்றம் என்றால் செயலும் தடை செய்யப்பட்டதுதான், தண்டிக்க முடியாதது வேறு விஷயம். மூன்றாமவர், தண்டனை இல்லாத ஒன்றைத் தடை என்று இழுத்துப் பொருள் கொள்ளக்கூடாது என்று மாறுபட்டார். பெரும்பான்மை வென்றது.

இதில் இன்றைக்கு ஒரு திருப்பம் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படியே இடம்பெறவில்லை. அரசு ஊழியரை அவர் கடமையைச் செய்யவிடாமல் நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226ஆம் பிரிவில் குற்றமாக இருக்கிறது. அப்படியென்றால் 1917 தீர்ப்பு நின்றிருந்த தரையே நகர்ந்துவிட்டது. கணவர் மனைவியிடம் இதே மிரட்டலை இன்று விடுத்தால் அதே வாதம் எடுபடுமா என்பது வக்கீல்கள் சண்டை போட வேண்டிய விஷயம். என்னைக் கேட்டால் அந்த மனைவி அன்றும் இன்றும் சுதந்திரமாகக் கையெழுத்துப் போடவில்லை, சட்டம் எந்தக் கதவு வழியாக அங்கே போய்ச் சேர்ந்தாலும் சரி.

கோயர்ஷன் நிரூபணமானால் ஒப்பந்தம் தானாகச் செத்துவிடாது. 19ஆம் பிரிவின்படி அதை ரத்து செய்யும் உரிமை பாதிக்கப்பட்டவர் கையில் இருக்கிறது. அவருக்கு லாபமாகத் தெரிந்தால் தொடரவும் செய்யலாம், மிரட்டியவர் பின்வாங்க முடியாது. நிர்ப்பந்தத்தில் கொடுத்த பணத்தைத் திருப்பித்தர வேண்டும் என்று 72ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் மிரட்டல் நடந்தது என்று நிரூபிக்கும் பாரம் பொதுவாக அப்படிச் சொல்பவர் மேல்தான் விழும். மிரட்டல் நீங்கிய பிறகும் நீங்கள் பேசாமல் அந்த ஒப்பந்தப்படியே பணம் வாங்கிக்கொண்டிருந்தால், அப்புறம் போய் "அன்றைக்கு மிரட்டினார்கள்" என்பது எடுபடுவது கஷ்டம்.

எது கோயர்ஷன் இல்லை என்பதும் முக்கியம். நியாயமாக வரவேண்டிய கடனுக்கு "கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்பது மிரட்டல் மாதிரி ஒலித்தாலும் கோயர்ஷன் ஆகாது, அது அவருடைய உரிமை. பொய்யான கிரிமினல் புகார் கொடுப்பேன் என்று மிரட்டுவது வேறு, அது மாட்டிவிடும். கறாராகப் பேரம் பேசுவதும் கோயர்ஷன் இல்லை. மிரட்டலே இல்லாமல், உறவின் பலத்தை வைத்து ஒருவரை வளைப்பதற்குச் சட்டத்தில் தனிப் பெயர் இருக்கிறது, தகாத செல்வாக்கு என்று 16ஆம் பிரிவில் வருகிறது. சட்டமே தரும் உதாரணம்: நோயாலும் முதுமையாலும் தளர்ந்த ஒருவரிடம் அவரைக் கவனித்துக்கொள்ளும் மருத்துவர் தன் செல்வாக்கைப் பயன்படுத்தி அநியாயக் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ள வைப்பது. மருத்துவர் குரலைக்கூட உயர்த்தியிருக்க மாட்டார்.

குற்றவியல் சட்டத்தில் கேள்வி தலைகீழாக வரும். மிரட்டலுக்குப் பயந்து நீங்களே ஒரு குற்றம் செய்துவிட்டால்? பழைய தண்டனைச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 32ஆம் பிரிவு, இங்கே ரொம்பக் கறார். உடனே கொன்றுவிடுவார்கள் என்ற நியாயமான அச்சம் இருந்தால்தான் மன்னிப்பு. கொலைக்கு மன்னிப்பு கிடையாது, அரசுக்கு எதிரான மரண தண்டனைக் குற்றங்களுக்கும் கிடையாது. கொள்ளைக் கூட்டம் ஒன்று ஒரு கொல்லரைப் பிடித்து, உடனே கொன்றுவிடுவோம் என்று மிரட்டி, அவருடைய கருவிகளாலேயே ஒரு வீட்டுக் கதவை உடைக்க வைத்தால் அவர் தப்பலாம் என்று சட்டமே விளக்கம் தருகிறது. தானாகப் போய்க் கூட்டத்தில் சேர்ந்தவனுக்கு அந்தச் சலுகை இல்லை. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்ற விதிக்குப் பின்னாலும் இதே பயம்தான் இருக்கிறது. 2010இல் உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் நடத்தும் நார்கோ சோதனையும் (மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் கேள்வி கேட்பது) பொய் கண்டறியும் சோதனையும், தனக்கு எதிராகவே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3) பிரிவுக்கு எதிரானவை என்று தீர்ப்பளித்தது.

இதுவரை மிரட்டியவர் யார் என்று விரலை நீட்டிக் காட்ட முடிந்தது. பொருளாதாரத்துக்கு வந்தால் விரல் தடுமாறும். வெள்ளத்தில் மொட்டை மாடியில் நிற்கிறீர்கள், ஒரு படகுக்காரர் வந்து "பத்தாயிரம் கொடுத்தால் ஏற்றுகிறேன்" என்கிறார். அவர் வெள்ளத்தைக் கொண்டுவரவில்லை. அவர் வராமலே இருந்திருந்தால் உங்கள் நிலைமை இன்னும் மோசம். ஆக இது மிரட்டலா, வெறும் பேரமா? அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1969இல் எழுதிய ஒரு கட்டுரை இதைத்தான் அலசியது. மிரட்டல் உங்கள் நிலைமையைக் கீழே இறக்குகிறது, பேரம் மேலே ஏற்றுகிறது. ஆனால் எங்கிருந்து கீழே, எங்கிருந்து மேலே? படகே இல்லாத நிலையிலிருந்து அளந்தால் அவர் உதவுகிறார். ஆபத்தில் இருப்பவரை ஏற்றிக்கொள்வது கடமை என்ற நிலையிலிருந்து அளந்தால் அவர் மிரட்டுகிறார். இந்த அடிக்கோட்டை எங்கே வைப்பது என்பதில்தான் பாதிச் சண்டை.

அதற்கும் வெகு முன்பே, 1923இல், ராபர்ட் ஹேல் என்ற சட்டப் பேராசிரியர் இன்னும் துணிச்சலாகச் சொன்னார்: சுதந்திரச் சந்தை என்று நாம் நினைப்பதிலும் நிர்ப்பந்தம் முழுக்க நிறைந்திருக்கிறது. தொழிலாளி ஏன் வேலைக்குப் போகிறார்? சாப்பாடு வேண்டும், சாப்பாடு இன்னொருவர் சொத்து, அதைத் தொட்டால் போலீஸ் வரும். ஆக முதலாளியின் சொத்துரிமைக்குப் பின்னால் அரசின் தடி நிற்கிறது. தொழிலாளியும் உழைப்பைத் தர மறுத்து முதலாளியை நெருக்கலாம். இரு பக்கமும் நெருக்கிக்கொள்கிறார்கள், யாருடைய பிடி வலுவானது என்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது.

இது ஏதோ வகுப்பறை வாதம் என்று நினைத்தால், 1982இல் நம் உச்ச நீதிமன்றத்துக்கே இது வந்தது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமான வேலைகள் நடந்துகொண்டிருந்தன, தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூடக் கைக்கு முழுதாக வரவில்லை என்று வழக்கு. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. ஆனால் இவர்களை யாரும் சங்கிலியில் கட்டவில்லையே, தாங்களாகத்தானே வந்தார்கள்? நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை. பசியும் வறுமையும் ஒருவருக்கு வேறு வழியே இல்லாமல் செய்து, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க வைத்தால் அதுவும் கட்டாயம்தான், அந்த உழைப்பு கட்டாய உழைப்புதான் என்றது. ஒப்பந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவு இவ்வளவு தூரம் வராது, அங்கே தடை செய்யப்பட்ட செயல் என்று ஒன்றைக் காட்டியாக வேண்டும். ஒரே நாடு, ஒரே நீதித்துறை, இரண்டு இடத்தில் இரண்டு கோடு. எனக்கு இது முரண்பாடாகத் தெரியவில்லை. ஒவ்வொரு அவசரக் கடனையும் ஏழ்மையைக் காட்டி ரத்து செய்யலாம் என்றால் ஏழைக்குக் கடன் தரவே ஆள் இருக்காது. ஆனால் கூலிக்கு ஒரு தரையைப் போட்டு, அதற்குக் கீழே போகாதே என்று சொல்வது அரசால் முடியும்.

நாடுகளுக்கு இடையே இது எப்படி நடக்கிறது? 1939 மார்ச் 14 இரவு செக்கோஸ்லோவாகியாவின் அதிபர் எமில் ஹாச்சா பெர்லினுக்கு வரவழைக்கப்பட்டார். கையெழுத்துப் போடாவிட்டால் பிராக் நகரத்தின் மேல் குண்டு போடுவோம் என்று ஹிட்லரின் விமானப்படைத் தலைவர் கோரிங் மிரட்ட, வயதான, உடல்நலம் குன்றிய அந்த மனிதர் மயங்கி விழுந்தார், ஊசி போட்டு எழுப்பினார்கள், விடியும் முன் தன் நாட்டை ஹிட்லரிடம் ஒப்படைக்கும் தாளில் கையெழுத்திட்டார். நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தங்களுக்கு விதி வகுக்கும் 1969ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, நாட்டின் பிரதிநிதியை மிரட்டி வாங்கிய ஒப்பந்தத்துக்குச் சட்ட பலன் இல்லை என்றும், படைபல மிரட்டலால் பெற்ற ஒப்பந்தம் செல்லாது என்றும் 51, 52ஆம் பிரிவுகளில் சொல்கிறது. பொருளாதார நெருக்குதலையும் சேர்க்க வேண்டும் என்று வளரும் நாடுகள் பல அப்போது கேட்டன. பணக்கார நாடுகள் விடவில்லை, கடைசியில் அதைக் கண்டிக்கும் ஒரு பிரகடனத்தை மட்டும் பக்கத்தில் ஒட்டிவைத்தார்கள்.

அந்தப் பழைய சண்டை இப்போது வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. 2021இல் ஐரோப்பிய ஒன்றிய நாடான லிதுவேனியா தன் தலைநகரில் தைவானிய அலுவலகம் ஒன்றைத் திறக்க அனுமதித்தது, தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் சீனாவின் சுங்கத்தில் லிதுவேனியச் சரக்குகளுக்குக் கதவு சாத்தப்பட்டது. இப்படிப்பட்ட நெருக்குதலைச் சமாளிக்கவே ஐரோப்பிய ஒன்றியம் ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தது, 2023 டிசம்பர் 27 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

ராஜதந்திரத்தில் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் செய்த ஒரு பிரிப்பு உபயோகமானது. "இதைச் செய்யாதே" என்று தடுப்பது ஒரு வகை, "இதைச் செய்" என்று நகர்த்துவது இன்னொரு வகை, இரண்டாவது கடினம். தடுப்பதில் எதிராளி சும்மா இருந்தாலே போதும், அவருக்கு மானம் போகாது. நகர்த்துவதில் அவர் எல்லார் கண்ணுக்கும் முன்னால் பணிய வேண்டும். 1962 அக்டோபரில் கியூபாவிலிருந்து சோவியத் ஏவுகணைகளை அகற்ற வைக்க அமெரிக்கா கடற்படை முற்றுகை போட்டது. கூடவே கியூபாவின் மேல் படையெடுக்க மாட்டோம் என்று வாக்குறுதி கொடுத்தது, துருக்கியில் இருந்த தன் ஏவுகணைகளை எடுத்துக்கொள்வதாக ரகசியமாக ஒப்புக்கொண்டது. பணிபவர் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சந்து விட்டால்தான் மிரட்டல் பலிக்கும் என்பது இதில் தெரிகிறது.

வீட்டுக்குள் வந்தால் ஒற்றை மிரட்டலைத் தேடினால் கிடைக்காது. செல்போனைச் சோதிப்பது, சம்பளத்தை வாங்கி வைத்துக்கொள்வது, அம்மா வீட்டுக்குப் போகவிடாதது, எந்தப் புடவை என்பதுவரை முடிவு செய்வது. தனித்தனியாக எடுத்தால் எதுவும் போலீஸ் கேஸ் மாதிரித் தெரியாது, சேர்த்துப் பார்த்தால் ஜெயில். எவன் ஸ்டார்க் (Evan Stark) என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தத் தொடர் கட்டுப்பாட்டைப் பற்றி விரிவாக எழுதினார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 முதல் இது தனிக் குற்றம், ஐந்து ஆண்டுவரை சிறை. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனரீதியான கொடுமையையும் பணரீதியான கொடுமையையும் வன்முறையின் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

மருத்துவத்தில் கேள்வி இன்னும் சங்கடமானது, ஏனென்றால் இங்கே வற்புறுத்துபவர் நல்லதற்குத்தான் என்கிறார், பல நேரம் அது உண்மையும்கூட. எந்த எல்லைவரை போகலாம் என்பதற்குத் தமிழ்நாடு பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. ஒருவர் தெளிவாக இருக்கும்போதே, பின்னால் நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைக்கவும் அந்தச் சட்டம் வழி தருகிறது.

கடைசியாக மனிதர்களே இல்லாத இரண்டு இடங்கள். கம்ப்யூட்டர் நிரலில் டைப் கோயர்ஷன் என்றால், ஒரு வகைத் தரவை மொழியே உங்களைக் கேட்காமல் இன்னொரு வகையாக மாற்றிக்கொள்வது. ஜாவாஸ்கிரிப்டில் "5" + 3 என்று எழுதினால் "53" வரும், 3 எழுத்தாக மாறி ஒட்டிக்கொள்கிறது. "5" - 3 என்றால் 2 வரும், இப்போது "5" எண்ணாக மாறிவிட்டது. பைத்தானில் "5" + 3 என்று கொடுத்தால் பிழை என்று நிறுத்திவிடும், அது நல்ல பழக்கம் என்பேன். ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொள்பவர்கள் == என்பதற்குப் பதில் === போடுங்கள், அது வகையை மாற்றாமல் ஒப்பிடும். இதெல்லாம் நிரல் எழுதுபவர்கள் தலைவலி மட்டும் என்று நினைக்க வேண்டாம். செப்ட்2, மார்ச்1 என்று பெயர் கொண்ட மரபணுக்களை எக்செல் தேதி என்று நினைத்து மாற்றிவைத்து, ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளில் ஏகப்பட்ட பிழை புகுந்தது. எக்செலை மாற்றுவதைவிட மரபணுவுக்குப் பெயர் மாற்றுவது சுலபம் என்று ஆகி, 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டார்கள்.

இயற்பியலில் இதே வேர்ச்சொல்லிலிருந்து வந்த கோயர்சிவிட்டி என்று ஒரு அளவு இருக்கிறது. காந்தமான ஒரு பொருளின் காந்தத்தன்மையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர எவ்வளவு எதிர்க் காந்தப்புலம் கொடுக்க வேண்டும் என்பது அது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் நியோடிமியம் காந்தத்துக்கு இது மிக அதிகம், டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் இரும்புத் தகடுக்கு வேண்டுமென்றே குறைவாக வைப்பார்கள், ஏனென்றால் அதன் காந்தத் திசை நொடிக்கு ஐம்பது சுற்று மாறியாக வேண்டும். காந்தப்பட்டை வைத்த ஹோட்டல் அறைச் சாவி அட்டை ஒரு சின்னக் காந்தம் பட்டாலே அழிந்துபோவதும் பேங்க் கார்டின் பட்டை தாக்குப்பிடிப்பதும் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தால்தான்.